இசைவு யாருடையது? : இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377, 497ஆம் பிரிவுகளும் அரசமைப்புச் சோதனையும்

ஆய்வுச் சுருக்கம்

1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 6 அன்றும், 497ஆம் பிரிவு அதே மாதம் 27 அன்றும் உச்ச நீதிமன்றத்தின் ஒரே ஐவர் அமர்வினால் அரசமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளிக்கப்பட்டன. முன்னது பகுதியளவிலும் பின்னது முழுமையாகவும் செல்லாதொழிந்தன. இவ்விரு பிரிவுகளையும் அதே நீதிமன்றத்தின் முந்தைய அமர்வுகள் நிலைநிறுத்தியிருந்தன. சட்டத்தின் சொற்கள் மாறாதிருக்க, தீர்ப்பு மட்டும் மாறியது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் வினா. 'இசைவு' என்னும் கருத்துக்கு இப்பிரிவுகள் அளித்த இடத்தைச் சட்டத் தொடர்களின் அமைப்பிலிருந்து கண்டறிந்து, அவ்விடம் கேள்விக்குள்ளான போதே அவை வீழ்ந்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இசைவு, 377ஆம் பிரிவு, 497ஆம் பிரிவு, அரசமைப்பு ஏற்புடைமை, பிறன்மனை, பாரதிய நியாய சன்ஹிதை.

1. முன்னுரை

சட்டமும் ஒரு பனுவலே. அதன் ஒவ்வொரு சொல்லும் ஒருவரைக் குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ முடிவு செய்யும் ஆற்றல் உடையது. ஆதலின் இலக்கியப் பனுவலுக்கு உரை காண்போர் கைக்கொள்ளும் நுண்ணோக்கு, சட்டப் பனுவலுக்கும் வேண்டப்படுவதாகும். யார் எழுவாய், யார் செயப்படுபொருள், எந்தச் சொல் கூறப்பட்டது, எந்தச் சொல் கூறாது விடப்பட்டது என்னும் வினாக்கள் இரண்டிற்கும் பொதுவானவை.

377, 497ஆம் பிரிவுகள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றைத் தனித்தனியே நோக்குகின்றன. முன்னது பாலியல் சிறுபான்மையினர் உரிமை சார்ந்தது எனவும், பின்னது மணவாழ்க்கை சார்ந்தது எனவும் பிரிக்கப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஒருவர் தம் உடல் குறித்துத் தாமே அளிக்கும் இசைவுக்கு இவ்விரு பிரிவுகளிலும் இடமில்லை.

2. சட்டத் தொடர்களில் இசைவின் இடம்

மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் வரைவை அளித்தது. அது பல திருத்தங்களுக்குப்பின் 1860 அக்டோபரில் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வரைவையும் சட்டத்தையும் ஒப்பிடுவார்க்கு இரண்டு வேறுபாடுகள் புலனாகும்.

முதலாவது, 'இயற்கைக்கு மாறான இச்சை' பற்றியது. வரைவு இதனை இரண்டு விதிகளில் கூறியது. தீண்டப்பட்டவரின் சுதந்திரமான, அறிவார்ந்த இசைவின்றி நிகழ்ந்த செயலுக்குத் தனி விதியும் மிகுந்த தண்டனையும் வகுக்கப்பட்டன. இசைவுடன் நிகழ்ந்ததும் தண்டனைக்குரியதே எனினும், இசைவு உண்டா இல்லையா என்பது தண்டனையின் அளவை வேறுபடுத்தியது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வேறுபாடு மறைந்தது. இயற்கையின் ஒழுங்கிற்கு மாறாக ஆண், பெண், விலங்கு ஆகிய எவருடனும் அல்லது எதனுடனும் தன் விருப்பத்தோடு உடலுறவு கொள்பவர் ஆயுள் தண்டனைக்கோ பத்தாண்டு வரையிலான சிறைக்கோ உரியவர் என 377ஆம் பிரிவு கூறியது. இங்கு 'விருப்பத்தோடு' என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையைக் குறிப்பது. மற்றவரின் இசைவைக் குறிப்பதன்று. ஆணும் பெண்ணும் விலங்கும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டதை இங்குக் கருதவேண்டும். இசைவளிக்க இயலாத விலங்கையும் இசைவளிக்கவல்ல மனிதரையும் சட்டம் ஒன்றாக எண்ணியது. அவ்வெண்ணத்தில் இசைவு பொருளற்றுப் போயிற்று.

இரண்டாவது, பிறன்மனை புணர்ச்சி பற்றியது. மெக்காலேயின் வரைவில் இக்குற்றமே இல்லை. இதனைத் தண்டனைச் சட்டத்தில் சேர்ப்பதால் பயன் விளையும் என அவ்வாணையம் கருதவில்லை. பின்வந்த ஆணையர்களே இதனைச் சேர்த்தனர். இந்நாட்டுப் பெண்களின் நிலையைக் கருதி ஆணை மட்டும் தண்டித்தல் தகும் என்றனர். இவ்வாறு உருவான 497ஆம் பிரிவின்படி, பிறனொருவனின் மனைவி என அறிந்தும், அக்கணவனின் இசைவோ உடந்தையோ இன்றி, அவளோடு உறவு கொள்ளும் ஆண் ஐந்தாண்டு வரையிலான சிறைக்கு உரியவன். மனைவி உடந்தையாளராகவும் தண்டிக்கப்படமாட்டாள்.

இத்தொடரில் 'இசைவு' என்னும் சொல் வெளிப்படையாகவே வருகிறது. ஆயின் அது கணவனுடையது. பெண்ணின் இசைவு இங்குக் குற்றத்தை நீக்குவதுமில்லை, ஆக்குவதுமில்லை. அவள் இசையாவிடின் அது வன்புணர்ச்சியாகி வேறு பிரிவின்கீழ்ச் செல்லும். அவள் இசைந்தால், அவ்விசைவைச் செல்லாததாக்கும் அதிகாரம் கணவனிடம் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 198(2)ஆம் பிரிவு, இக்குற்றத்தால் பாதிக்கப்பட்டவராகக் கணவனை மட்டுமே கொண்டது. அவன் இல்லாதபோது, அவன் சார்பில் அப்பெண்ணைப் பராமரித்து வந்தவர் நீதிமன்ற அனுமதியுடன் முறையிடலாம். ஒரு பெண்ணைக் கணவன் சார்பில் 'பராமரிக்கும்' ஒருவர் உண்டு என்னும் கற்பனையே அவளை உடைமையாகக் கருதியதன் சான்றாகும்.

'பிறன்மனை' என்னும் தமிழ்ச்சொல் இதனை மேலும் தெளிவாக்குகிறது. 'பிறனது மனை' என விரியும் இஃது ஆறாம் வேற்றுமைத் தொகை. கிழமைப் பொருளை உணர்த்துவது. ஆங்கிலச் சட்டத்தின் தலைப்புச் சொல்லில் மறைந்திருந்த உடைமைப் பொருள், தமிழாக்கத்தில் சொல்லின் முதலிலேயே வந்து நிற்கிறது. திருக்குறளின் 'பிறனில் விழையாமை' அதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் அவ்வதிகாரம் இல்லறவியலில் அமைந்தது. விழைவோனின் அறத்தை நோக்கிப் பேசுவது. அரசு தண்டிக்கவேண்டிய குற்றங்களின் பட்டியலாக அது எழுந்ததன்று. அறத்தவறு, குடிமையியல் தவறு, குற்றம் என்னும் மூன்றும் வெவ்வேறானவை. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பும் பிறன்மனை புணர்ச்சியை மணமுறிவுக்கான காரணமாக விட்டுவைத்தே, குற்றம் என்னும் நிலையிலிருந்து அதனை நீக்கியது.

3. அரசமைப்புக்கு முந்திய சட்டமும் ஏற்புடைமை அனுமானமும்

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, பழைய சட்டங்களை முற்றிலும் துடைத்தெறியவில்லை. 372ஆம் உறுப்பு அவற்றைத் தொடரச் செய்தது. அதேவேளை, அடிப்படை உரிமைகளுக்கு முரண்படும் அளவிற்கு அவை செல்லாதவை என 13(1)ஆம் உறுப்பு கூறியது. ஆகவே பழைய சட்டம் தொடர்வது நிபந்தனைக்கு உட்பட்டதே.

இந்நிபந்தனையின் வலிமை, அண்டை நாட்டோடு ஒப்பிடும்போது விளங்கும். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசமைப்பின் 16(1)ஆம் உறுப்பு, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. 1883ஆம் ஆண்டு இலங்கைத் தண்டனைக் கோவையின் 365, 365அ பிரிவுகள் 377ஆம் பிரிவோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியாவில் நீதிமன்றத்தின் வழியே இயன்றது, அங்கு நாடாளுமன்றத்தின் வழியே மட்டும் இயலக்கூடியதாக உள்ளது. ஒரே பேரரசு விட்டுச்சென்ற சட்டத்தின் தலைவிதியை அரசமைப்பின் ஓர் உறுப்பு வேறுபடுத்துகிறது.

13(1)ஆம் உறுப்பு தெளிவாக இருந்தும், பழைய பாலியல் குற்றப் பிரிவுகள் நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் ஓர் அனுமானம். சட்டமன்றம் தன் மக்களின் தேவையை அறிந்தே சட்டம் இயற்றும். எனவே சட்டம் அரசமைப்புக்கு ஏற்புடையது என்றே தொடக்கத்தில் கொள்ளவேண்டும் என்பது அது. 2013ஆம் ஆண்டு சுரேஷ்குமார் கௌஷல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வனுமானத்தை அரசமைப்புக்கு முந்திய சட்டங்களுக்கும் பொருத்தியது. 377ஆம் பிரிவை நீக்குமாறு சட்ட ஆணையம் 2000ஆம் ஆண்டு தன் 172ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தும் நாடாளுமன்றம் நீக்கவில்லை. அம்மௌனமே ஏற்பு எனக் கொள்ளப்பட்டது.

நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில் நீதிபதி நரிமன் இவ்வடித்தளத்தையே மறுத்தார். அனுமானத்தின் காரணம், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் மக்களையும் அரசமைப்பையும் அறிந்திருத்தல். 1860ஆம் ஆண்டின் அயல்நாட்டுச் சட்டமியற்றுநர் இந்திய மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவருமல்லர். பிற்காலத்தில் வரவிருந்த அடிப்படை உரிமைகளை அறிந்தவருமல்லர். காரணம் இல்லாத இடத்தில் அனுமானமும் இல்லை. இதற்கு முன்னரே 2007ஆம் ஆண்டு அனுஜ் கார்க் வழக்கில், மது வழங்கும் இடங்களில் பெண்களைப் பணியமர்த்தத் தடைவிதித்த 1914ஆம் ஆண்டுப் பஞ்சாப் கலால் சட்டப் பிரிவை நீக்கிய உச்ச நீதிமன்றம், அச்சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் பாலினச் சமத்துவக் கருத்தே அறியப்படாதிருந்ததைச் சுட்டியிருந்தது.

4. 'பாதுகாப்பு' என்னும் வாதம்: 497ஆம் பிரிவு

497ஆம் பிரிவு மூன்று முறை உச்ச நீதிமன்றத்தின் சோதனையில் நிலைத்தது. 1954ஆம் ஆண்டு யூசுப் அப்துல் அஜீஸ் வழக்கில், பெண்ணைத் தண்டியாது ஆணை மட்டும் தண்டித்தல் சமத்துவத்திற்கு மாறு என்ற வாதத்தை, பெண்களுக்கெனச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கும் 15(3)ஆம் உறுப்பைக் காட்டி நீதிமன்றம் மறுத்தது. 1985ஆம் ஆண்டு சௌமித்ரி விஷ்ணு வழக்கில், மயக்குபவன் பொதுவாக ஆணே என்னும் நம்பிக்கை பிரிவிற்கு அரணாயிற்று. 1988ஆம் ஆண்டு ரேவதி வழக்கில், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலாதவாறு சட்டம் இருவரையும் ஒப்ப நடத்துகிறது எனவும், இல்லறத்தைக் குலைக்கும் வெளியாளையே அது தண்டிக்கிறது எனவும் கூறப்பட்டது.

இம்மூன்று தீர்ப்புகளும், யார் தண்டிக்கப்படுகிறார், யார் விடப்படுகிறார் என்னும் ஒரே வினாவைச் சுற்றின. அவ்வினா அமைந்த முறையிலேயே விடையும் அடங்கியிருந்தது. தண்டனையிலிருந்து விலக்கு பெற்றவள் பெண் என்றால், சட்டம் அவளுக்குச் சாதகமானது என்றே தோன்றும். 1971ஆம் ஆண்டின் 42ஆம் சட்ட ஆணைய அறிக்கையும் இதே சட்டகத்திற்குள் நின்று, மனைவியையும் தண்டனைக்கு உரியவளாக்கும் திருத்தத்தைப் பரிந்துரைத்தது. சமமின்மைக்கு மருந்து தண்டனையை விரிப்பதே எனக் கருதப்பட்டது.

ஜோசப் ஷைன் வழக்கில் வினா மாறியது. கணவன் இசைந்தால் அதே செயல் குற்றமாகாது எனில், இப்பிரிவு காப்பது எதனை என நீதிமன்றம் நோக்கியது. இல்லறத்தின் தூய்மையைக் காப்பதே நோக்கமாயின், கணவனின் இசைவால் அத்தூய்மை மீண்டுவிடுமா? மணமான ஆண் மணமாகாத பெண்ணோடோ கைம்பெண்ணோடோ உறவு கொள்ளின், அவன் மனைவிக்கு நேர்ந்த இழப்பைச் சட்டம் ஏன் காணவில்லை? இவ்வினாக்களின்முன் 'இல்லறப் பாதுகாப்பு' என்னும் நோக்கம் நில்லாது போயிற்று. எஞ்சியது, மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள உரிமையைக் காத்தல் என்பதே. பெண்ணைத் தன் முடிவெடுக்கும் ஆற்றல் அற்றவளாகக் கொண்டு அளிக்கும் விலக்கு, 15(3)ஆம் உறுப்பு கருதிய சிறப்பு ஏற்பாடு ஆகாது. 14, 15, 21ஆம் உறுப்புகளுக்கு முரணானது எனப் பிரிவு நீக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட் இவ்வமர்வில் இருந்து, தந்தையின் முடிவுக்கு மாறாகத் தீர்ப்பெழுதினார்.

5. செயலா, ஆளா: 377ஆம் பிரிவு

377ஆம் பிரிவில் உரைகாரர்க்கு இடர் விளைத்த தொடர் 'இயற்கையின் ஒழுங்கு'. 1925ஆம் ஆண்டு சிந்து நீதிமன்றம் ஒன்று, உடலுறவின் இயற்கையான நோக்கம் கருத்தரிப்பே எனக் கொண்டு இதற்குப் பொருள் கண்டது. அப்பொருளை ஏற்பின், கணவன் மனைவிக்கிடையிலான பல செயல்களும் குற்றமாகும். கௌஷல் தீர்ப்பும், முந்தைய வழக்குகளை ஆராய்ந்தபின், எச்செயல் இதனுள் அடங்கும் என்பதற்கு ஒருசீரான அளவுகோலைப் பெற இயலவில்லை என ஒப்புக்கொண்டது. அளவுகோல் இல்லாத குற்றத்தை நிலைநிறுத்தியதே அத்தீர்ப்பின் உள்முரண்.

2009 ஜூலை 2 அன்று நாஸ் அறக்கட்டளை வழக்கில் தலைமை நீதிபதி ஏ.பி. ஷா, நீதிபதி எஸ். முரளிதர் ஆகியோரைக் கொண்ட டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, வயதுவந்தோர் இசைவுடன் தனிமையில் கொள்ளும் உறவுக்கு இப்பிரிவு பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகளுக்குப்பின் கௌஷல் தீர்ப்பு அதனைப் புரட்டியது. அதன் வாதங்கள் இரண்டு. இப்பிரிவு செயல்களையே குறிக்கிறது, எந்த மக்கட்பிரிவையும் குறிக்கவில்லை என்பது ஒன்று. நூற்றைம்பது ஆண்டுகளில் இருநூறுக்கும் குறைவானோரே வழக்குத் தொடரப்பட்டனர். பாதிக்கப்படுவோர் மிகச் சிறிய பகுதியினர் என்பது மற்றொன்று.

முதல் வாதத்தை வரலாறு மறுக்கிறது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டம், 377ஆம் பிரிவுக் குற்றத்தின் ஐயத்திற்குரியோரெனத் திருநர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. 1884ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்திற்கு வந்த வழக்கில், குற்றம் நிகழ்ந்த இடமோ காலமோ உடனிருந்த ஆளோ நிறுவப்படாமலேயே, பெண்ணுடை அணிந்து பாடிய ஒருவர் கீழமை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டிருந்தார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. செயல் எதுவும் நிறுவப்படாத நிலையில், தண்டனைக்கு அடிப்படையாய் இருந்தது அவருடைய தோற்றமன்றி வேறில்லை. 2014ஆம் ஆண்டு திருநர் உரிமையை ஏற்ற நால்சா தீர்ப்பு இவ்வரலாற்றை எடுத்துக்காட்டியது.

இரண்டாம் வாதத்திற்கு 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி வழக்கின் ஒன்பதின்மர் அமர்வு விடையளித்தது. அடிப்படை உரிமை தலையெண்ணிக்கையைச் சார்ந்ததன்று என அது கூறியது. வழக்குகளின் எண்ணிக்கை குறைவு என்பது பாதிப்பு குறைவு என்பதாகாது. நீதிமன்றத்திற்கு வராமலே மிரட்டலுக்கும் பணப்பறிப்புக்கும் கருவியாகும் சட்டத்தின் பாதிப்பு, தீர்ப்புத் திரட்டுகளில் பதிவாவதில்லை.

நவ்தேஜ் தீர்ப்பு 'இயற்கை' என்னும் சொல்லுக்குப் புதிய வரையறை தேடவில்லை. இயற்கையானது, அல்லாதது என்னும் பாகுபாட்டையே அடிப்படையற்றது எனத் தள்ளி, அவ்விடத்தில் இசைவு உண்டு, இல்லை என்னும் பாகுபாட்டை வைத்தது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வன்புணர்ச்சியின் வரையறையை விரித்தபின், ஆணும் பெண்ணும் இசைந்து கொள்ளும் உறவுகள் சில, 375ஆம் பிரிவின்படி குற்றமற்றவையாகவும் 377ஆம் பிரிவின்படி குற்றமாகவும் இருந்த முரணையும் அமர்வு கண்டது. இசைவற்ற செயல்கள், சிறார்மீதான செயல்கள், விலங்குகளோடு கொள்ளும் உறவு ஆகியவற்றுக்கு 377ஆம் பிரிவு தொடர்ந்தது. 1837ஆம் ஆண்டு வரைவில் அரும்பி 1860இல் மறைந்த வேறுபாடு, இப்போது தண்டனையின் அளவாக அன்றிக் குற்றத்தின் எல்லையாகவே மீண்டது.

6. எஞ்சியுள்ளவை

இசைவே அளவுகோல் என்பதை ஏற்றபின், அதனை எல்லா இடத்தும் சீராகப் பொருத்துதல் கடமையாகிறது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதை, 2023, இவ்வகையில் மூன்று வினாக்களை எழுப்புகிறது.

முதலாவது, 377ஆம் பிரிவு அதில் முற்றிலும் விடப்பட்டது. இசைவுடைய உறவைக் குற்றமாக்கிய பகுதி 2018இலேயே நீங்கிவிட்டது. இப்போது நீங்கியது, இசைவற்ற செயலைத் தண்டித்த பகுதி. 63ஆம் பிரிவின் வன்புணர்ச்சி, ஆண் பெண்ணுக்கு இழைப்பது மட்டுமே. வயதுவந்த ஆணும் திருநரும் அதன் காப்புக்குள் வாரார். திருநர்க்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு உண்டு. அதன் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. பெண்மீதான வன்புணர்ச்சிக்குக் குறைந்த தண்டனையே பத்தாண்டு. இசைவற்ற செயல்களைத் தண்டிக்கும் பகுதியைத் தக்கவைக்குமாறு உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் ஏற்கப்படவில்லை. நவ்தேஜ் தீர்ப்பின் ஒரு பாதியே சட்டமாயிற்று.

இரண்டாவது, 497ஆம் பிரிவு விடப்பட்ட அதே சன்ஹிதையில், பழைய 498ஆம் பிரிவு 84ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பிறனொருவனின் மனைவியை முறையற்ற உறவுக்கென அழைத்துச் செல்வதையோ மயக்கிக் கொண்டுசெல்வதையோ அது தண்டிக்கிறது. அப்பெண் தானே விரும்பிச் சென்றாளா என்னும் வினா இங்கும் முதன்மை பெறவில்லை. ஜோசப் ஷைன் தீர்ப்பின் வாதங்கள் இப்பிரிவின் மீதும் பொருந்துவன.

மூன்றாவதும் மிகப் பெரியதும், கணவன் மனைவியிடம் கொள்ளும் உறவு வன்புணர்ச்சி ஆகாது என்னும் விலக்கு. இதன் கருத்து, மணத்தின்போது அளித்த இசைவை மனைவி திரும்பப் பெற இயலாது என எழுதிய பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில நீதிபதி மேத்யூ ஹேலினுடையது. இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1991ஆம் ஆண்டிலேயே இதனைக் கைவிட்டது. இந்தியாவில் விலக்கிற்குரிய மனைவியின் குறைந்த வயது மட்டும் 1860இல் பத்து, 1891இல் பன்னிரண்டு, 1925இல் பதின்மூன்று, 1949இல் பதினைந்து என உயர்ந்து, 2017ஆம் ஆண்டு இன்டிபென்டன்ட் தாட் வழக்கினால் பதினெட்டு ஆயிற்று. வயது உயர்ந்ததேயன்றி, விலக்கின் அடிப்படை அசையவில்லை. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதில் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்க, வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 63ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்காக இன்றும் இது நிற்கிறது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

377ஆம் பிரிவு இசைவைப் பொருட்படுத்தவில்லை. 497ஆம் பிரிவு அதனைக் கணவனிடம் ஒப்படைத்தது. மணவாழ்க்கை விலக்கு அதனை என்றைக்குமாக அளிக்கப்பட்டதாகக் கற்பித்தது. மூன்றிலும் இசைவு அதற்குரியவரிடம் இல்லை.

சட்டத்தின் நோக்கத்தை மட்டும் வினவிய தீர்ப்புகள் அவற்றை நிலைநிறுத்தின. சட்டத் தொடரின் அமைப்பை வினவிய தீர்ப்புகள் அவற்றை நீக்கின. அரசமைப்பின் 13(1)ஆம் உறுப்பு இவ்வினாவுக்கு 1950 முதலே இடமளித்திருந்தும், ஏற்புடைமை அனுமானம் நெடுங்காலம் அதனை மறைத்தது.

நீதிமன்றம் நீக்கியதை மட்டும் பின்பற்றி, அது தக்கவைத்ததைச் சட்டமன்றம் விட்டுவிடின், இசைவுக் கோட்பாடு முழுமை பெறாது. இசைவுடையதை விடுவித்தலும் இசைவற்றதைத் தண்டித்தலும் ஒரே கோட்பாட்டின் இரு கூறுகள்.

தமிழ் ஆய்வுலகுக்கும் இதில் பணி உண்டு. 2021ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சுஷ்மா வழக்கில் தொடங்கிய முயற்சியின் விளைவாக, பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைக் குறிக்கும் மதிப்புமிக்க தமிழ்ச்சொற்களின் தொகுதியைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு அரசிதழில் வெளியிட்டது. ஆளைக் குறிக்கும் சொற்கள் திருந்தியதுபோல், குற்றத்தைக் குறிக்கும் சொற்களும் ஆராயப்படவேண்டும். 'பிறன்மனை', 'கற்பழிப்பு' முதலிய சொற்கள் எவருடைய உரிமையை, எவருடைய இழப்பை முன்னிறுத்துகின்றன என்பதை ஆராய்ந்து, இசைவை அடிப்படையாகக் கொண்ட சட்டத்தமிழை உருவாக்குதல் மேலாய்வுக்குரியது.